அக்காவின் கலியாணக் காரும் அதன் மூச்சுக் குழாயும்

அந்த ஆண்டு நான் கல்லூரியில் என் வகுப்பின் முதல் மாணவன். ஆங்கில வாசிப்புக்கான பரிசை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர்களும் போட்டியிட்ட மேடையில், நானே பெற்றேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையில் சொந்தக் கார் நின்ற வீடுகள் இரண்டே. அவற்றுள் ஒன்று எங்களுடையது. அப்பா புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்காடும் புரொக்டர். அவருடைய கையெழுத்து விழுந்த ஆவணத்தை எந்த நீதிமன்றமும் இரண்டாம் முறை ஆராய்வதில்லை என்று சொல்லப்பட்ட காலம் அது. இவற்றை நான் பெருமைக்காக எழுதவில்லை. கீழே வரும் விடயத்துக்குச் சாட்சி என்று இன்று எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. சாட்சியின் தகுதியை முதலில் பதிவுசெய்வது முறை.

என் வயதொத்தவர்களே, உங்களுள் சிலர் அந்தக் காரைக் கண்டிருப்பீர்கள். உலகப் போருக்கு முன்னர் ஒரு தேயிலைத் தோட்டத் துரைக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. கரும்பச்சை நிறம். முன்கண்ணாடிக்கு அப்பால் நீண்டு கிடந்த மூடியின் கீழ் ஆறு சிலிண்டர் எஞ்சின். துரை நாடு திரும்பியபோது அப்பா அதை வாங்கினார். துரையிடம் பதினொரு ஆண்டுகள் அதை ஓட்டிய சாரதியும் காருடனேயே எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். மலைநாட்டுக்காரர். காரை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தை அவர் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் மெழுகுத் தாளில் சுற்றி வைத்திருந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆயினும் அக்கடிதத்தில் எத்தனை வரிகள் உள்ளன என்பது அவருக்குத் தெரியும்.

அக்காவின் கலியாணத்துக்கு முந்திய அந்த மூன்று மாதங்களைப் பற்றியே எழுதுகிறேன். வீடு முழுவதும் சுண்ணாம்பும் புதுப் பாயும் மணத்தன. எனக்கோ அந்தப் பருவம் எஞ்சின் ஒயிலின் மணத்தோடுதான் நினைவுக்கு வருகிறது.

காரின் கதவில் தைத்திருந்த தோற்பையில் அதன் கைந்நூல் இருந்தது. நான் அதை முழுவதும் படித்தேன் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் அவ்வாறே நம்பினேன். வீட்டுக்கு வரும் விருந்தினர் முன் அப்பா என்னை அழைத்து, "இந்தக் கார் தனக்குத் தானே எப்பிடி எண்ணெய் பூசுதெண்டு சொல்லும் பாப்பம்" என்பார். நான் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு சொல்லுவேன். எஞ்சினின் அடியில் ஒயில் தொட்டி; அங்கிருந்து பம்பு ஒயிலை மேலே தள்ளுகிறது; அது சுழல்தண்டின் தாங்கிகளை நனைத்துவிட்டு மறுபடி தொட்டியில் வீழ்கிறது; தள்ளும் அழுத்தத்தை முன்பலகையிலுள்ள முள் காட்டுகிறது. எஞ்சினோடு முடிந்துவிடவில்லை. சாரதியின் காலடியில் ஒரு தனி மிதி இருந்தது. அதை அழுத்தினால் நூல்போன்ற செப்புக் குழாய்களின் வழியே வில்லுகளுக்கும் மூட்டுகளுக்கும் எண்ணெய் ஓடும். ஞாயிறு காலைகளில் சாரதி அதை மிதிக்க, நான் காரின் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து எந்தெந்த இடத்தில் துளி விழுகிறது என்று பார்ப்பேன். துளி விழாத இடத்தில் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அப்பா தேநீர்க் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்.

காற்றோட்டத்தைப் பற்றியும் சொல்லுவேன். பயணிகளின் காலடியில் இரு பக்கமும் சிறு கதவுகள். திறந்தால் காற்று வரும். எஞ்சினுக்கும் அவ்வாறே காற்று வேண்டும். ஒயில் சூடாகி எழும் ஆவியும், பிஸ்டன்களைத் தாண்டிக் கசியும் புகையும் உள்ளேயே தங்கக் கூடாது. அதற்காக எஞ்சினின் பக்கத்திலிருந்து ஒரு குழாய் வளைந்து காரின் வயிற்றுக்குக் கீழே இறங்கியது. அதன் நுனி பின்பக்கம் பார்த்துச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கார் ஓடும்போது கீழே அடிக்கும் காற்று அந்த நுனியைக் கடந்து செல்லும் வேகத்தில் உள்ளேயிருக்கும் புகையை உறிஞ்சி வெளியே எடுக்கும். சாரதி அதைப் பிரீதர் என்பார். நான் மூச்சுக் குழாய் என்று மொழிபெயர்த்தேன், விருந்தினர் மெச்சினார்கள். கார் ஓடினால்தான் அது உறிஞ்சும் என்பதை மட்டும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது பற்றி யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். முகூர்த்தம் எங்கள் வீட்டுப் பந்தலில், பத்து மணிக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில். பெண்ணின் தம்பி என்ற முறையில் தோழன் நான். மாப்பிள்ளையை அழைத்து வந்து, வாசலில் அவர் காலைக் கழுவி, அவர் அணிவிக்கும் மோதிரத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டியவன். ஆகவே அந்தக் காரில் மாப்பிள்ளைக்கு அருகில் எனக்கு இருக்கை இருந்தது. தலைப்பாகையும் இருந்தது. அக்கா தன் கையால் என் பெயரின் முதலெழுத்துகளைத் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கைக்குட்டையும் இருந்தது.

புறப்படுமுன் காலையில் சாரதி ஒயில் பார்த்தார். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தார். நான் அதை அவரிடமிருந்து வாங்கி மறுபடி துடைத்து, நானே செருகிப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"சின்னய்யா செக் பண்ணியாச்சு. இனி எஞ்சினு தைரியமா ஓடும்."

மாப்பிள்ளை அழைப்புக்குப் பொறுப்பு அம்மாவின் தமையனாரான பெரிய மாமா. கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்தவர்; சுற்றறிக்கையில் இல்லாத எதையும் செய்யாதவர் என்று பெயரெடுத்தவர். கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலிலிருந்து பிரதான வீதிச் சந்திவரை மேளதாளத்தோடு ஊர்வலம். அதன்பின் மேளக்காரரும் பெண்களும் பஸ்ஸில் ஏற, கார் நேரே வெள்ளவத்தைக்கு. மாமாவின் திட்டம் அது. திட்டத்தில் குறையொன்றும் இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை.

கார் மேளத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தது. ஐந்து நிமிடத்தில் காரின் கீழிருந்து நீலப் புகை எழுந்தது. நடைவேகத்தில் காரின் கீழே காற்று இல்லை. குழாயிலிருந்து கசிந்த புகை அங்கேயே நின்று, தட்டங்களோடு பின்னால் நடந்த பெண்களின் கூறைப் பட்டுகளில் படிந்தது. காலடிக் கதவுகளின் வழியே உள்ளேயும் வந்தது. சாரதி அவற்றைச் சாத்தினார். வெக்கை இன்னும் கூடியது. மாப்பிள்ளை, பின்னாளில் என் அத்தான், இருமலை அடக்கிச் சால்வையால் வாயை மூடினார்.

"என்ன தம்பி, சம்பந்தியாற்றை கார் சுருட்டுப் பிடிக்குதோ?" என்று மாப்பிள்ளையின் சிறிய தகப்பனார் சன்னலருகே நடந்தபடி என்னிடம் கேட்டார்.

பின்னால் ஒரு பெண்குரல்: "நல்ல பழக்கம்தான். கலியாணத்துக்கு முதலே எங்களை உலர்த்தி எடுக்கினம்."

சிரிப்பு மேளத்தையும் மீறிக் கேட்டது. முன்னிருக்கையில் பெரிய மாமாவின் பிடரி சிவந்ததை நான் கண்டேன். கார் நின்றது. அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"உந்தக் குழாயாலைதான் வருது. அடை அதை."

சாரதி இறங்கி அவருக்கு எதிரே நின்றார். "அத அடைக்கக் கூடாதுங்க ஐயா. எஞ்சினு மூச்சு விடுற குழாங்க. சந்தியத் தாண்டி ஓட ஆரம்பிச்சா பொக தானா கொறஞ்சிரும்."

"சந்திக்கு இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு? அதுவரைக்கும் அவையிட்டைப் பேச்சு வாங்கச் சொல்லுறியோ?" மாமா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் உந்தப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சனீர் எல்லோ. அடைக்கலாமோ அடைக்கக் கூடாதோ? வாசியும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருடைய சிறிய தகப்பனார் சன்னலில் சாய்ந்து நின்றார். மேளம்கூட ஒரு கணம் தணிந்ததாக எனக்கு நினைவு. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். தோற்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். மூச்சுக் குழாய் பற்றிய பகுதி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். வலப்பக்கத்தின் அடியில், கடைசி வரியில் முடியும் வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் வாசித்தேன்: ஆற்றையோ ஓடையையோ கடக்க நேரும்போது குழாயின் கீழ்நுனியைத் துணியால் அடைக்கலாம்.

புத்தகத்தை மூடினேன்.

"கேட்டியோ?" என்றார் மாமா. "தண்ணிக்கு அடைக்கலாமெண்டால் புகைக்கு அடைக்க ஏலாதோ?"

"ஆத்தக் கடக்குற ரெண்டு நிமிசத்துக்குத்தாங்க ஐயா அது. தொர கூட அப்பிடித்தான் செய்வாரு. கரையேறுனதும் உருவிருவோம்."

"நீ புத்தகம் வாசிச்சனியோ?"

"இல்லீங்க."

"அப்ப கதையாதை. தம்பி, உம்மடை லேஞ்சியைத் தாரும்."

நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். சாரதி அதை வாங்கி, என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, காரின் கீழே நுழைந்தார். புகை நின்றது. சிறிய தகப்பனார் தலையசைத்தார். "பெடியன் கெட்டிக்காரன்" என்றார். என் வாழ்க்கையில் நான் பெற்ற புகழுரைகளில் இன்றும் சொல் மாறாமல் நினைவிலிருப்பது அதுதான்.

சந்தியில் சாரதி குழாயிலிருந்து துணியை உருவ இறங்கினார். ஒன்பதே கால் கடந்துவிட்டது. மாமா சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தபடி, "பிறகு பாக்கலாம், ஏறு" என்றார். சாரதி ஏறினார்.

அதன் பின்னர் நடந்ததை நான் முன்பலகையில் ஒயிலின் அழுத்தம் காட்டும் வட்ட முகத்திலேயே பார்த்தேன். கோட்டையைக் கடந்து கடற்கரை வீதியில் சாரதி வேகம் எடுத்தபோது முள் சரியான இடத்தில் நின்றது. காருக்குள் சூடான ஒயிலின் மணம் ஏறியது. வெளியேற வழியில்லாத ஆவி எஞ்சினின் உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. ஒயிலைத் தன் முன்னே தள்ளி, கண்ட இடுக்கெல்லாம் வழி தேடியது. இது அப்போது எனக்குத் தெரியாது. முள் ஒரு நூலளவு இறங்கியது மட்டும் தெரிந்தது. சாரதியும் அதைப் பார்த்தார். கண்ணாடியில் எங்கள் கண்கள் சந்தித்தன. நான் பார்வையைக் கடலுக்குத் திருப்பினேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு பேக்கரியின் முன்னால் எஞ்சினிலிருந்து அடைப்பான் தெறித்தது போன்ற சத்தம். முள் விழுந்தது. சாரதி உடனே எஞ்சினை அணைத்து, கார் உருண்ட வேகத்திலேயே அதை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"என்ன செய்யிறாய்? ஓட்டு."

"ஒயில் இல்லீங்க ஐயா. ஓட்டினா எஞ்சினு செத்துரும்."

"நான் ஓட்டச் சொல்லுறன். நேரம் என்ன தெரியுமோ?"

சாரதி இரண்டு கைகளையும் சுக்கானில் வைத்தபடி அசையாமல் இருந்தார். "நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நான் ஓட்ட மாட்டேன்."

வேலைக்காரர் ஒருவர் பெரிய மாமாவிடம் மாட்டேன் என்று சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சாரதி இறங்கி மூடியைத் திறந்தார். ஒயில் ஊற்றும் வாயின் மூடி கழன்று எங்கோ கிடந்தது. துடைத்து மினுக்கிய அலுமினியம் முழுவதும் கறுப்பாக வழிந்தது; புகைபோக்கியில் விழுந்த ஒயில் பொரிந்தது. எங்களுக்குப் பின்னால் தாரில் கறுத்த கோடு ஒன்று, கோட்டைப் பக்கமாக, கண்ணுக்கு எட்டிய தூரம் நீண்டிருந்தது. ஒரு பொலிஸ்காரர் வந்து, "மஹத்தயா, கார் எக்க அயின் கரன்ன" என்று பட்டு வேட்டிக்காக மரியாதையோடும், நெரிசலுக்காகக் கண்டிப்போடும் சிங்களத்தில் காரை அகற்றச் சொன்னார். காரை அகற்றுவதற்கு அது ஓட வேண்டும்.

மாப்பிள்ளை ஒரு வாடகைக் காரில் வந்திறங்கினார். கதவுக் கைப்பிடி கயிற்றால் கட்டப்பட்டிருந்த சிறிய கார். பத்தரைக்கு வாசலில் நான் அவர் காலைக் கழுவினேன். என் விரல்களில் ஒயில் இருந்தது; அவர் அதைப் பார்த்தும் பாராதவர்போல் மோதிரத்தை அணிவித்தார். முகூர்த்தம் தவறவில்லை. ஆனால் எங்கள் பந்தலுக்கு மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்தார் என்பதை அன்று வந்திருந்த முந்நூறு பேரும் கண்டார்கள்.

மறுநாள் காலை கூடத்தில் விசாரணை நடந்தது. வேறு சொல் அதற்குப் பொருந்தாது. அப்பா சாய்வுநாற்காலியைத் தவிர்த்து மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். மாமா பக்கத்தில். சாரதி நின்றார்.

"நீர் ஒயில் பார்த்தனீரோ?" என்று அப்பா தொடங்கினார்.

"பாத்தேங்க ஐயா. மேல்கோடு வரைக்கும் இருந்துச்சு. சின்னய்யாவும் பாத்தாரு. குழாய அடைச்சதாலதான் எல்லாம் வெளிய வந்துச்சு."

"ஆர் அடைச்சது?"

"நான்தாங்க. மாமா ஐயா சொன்னாரு."

"நான் சும்மா சொன்னனானோ?" என்றார் மாமா. "அடைக்கலாமெண்டு புத்தகத்திலை கிடக்கு. தம்பி வாசிச்சவன்."

அப்பா என்னிடம் திரும்பினார். "அப்பிடிப் போட்டிருக்கோ?"

"ஓம் அப்பா. போட்டிருக்கு."

"கொண்டாரும்."

கொண்டுபோய் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன். அப்பா கண்ணாடியை மாற்றி அணிந்து, கடைசி வரிவரை வாசித்தார். பின்னர், எந்த ஆவணத்தையும் அவர் வாசிக்கும் முறைப்படி, பக்கத்தைத் திருப்பினார். மறுபக்கத்தின் தலையில் என்ன இருந்தது என்பதை நான் அன்று மாலைதான் வாசித்தேன்: நீரைக் கடந்தவுடன் துணியை அகற்றியே தீர வேண்டும், அடைத்த நிலையில் காரை வேகமாகச் செலுத்தினால் ஒயில் வெளியே தள்ளப்பட்டு எஞ்சின் பழுதடையும். அப்பா அதை அங்கேயே முழுவதும் வாசித்தார். அவர் கண்கள் ஒருமுறை என்மேல் தங்கின. பின்னர் புத்தகத்தை மூடினார்.

"புத்தகத்தில பிழையில்லை. பெடியன் வாசிச்சதும் சரி. ஒயில்தான் முதலே குறைஞ்சிருக்க வேணும்."

சாரதி என்னைப் பார்த்தார். கம்பியைத் துடைத்துப் பார்த்தேன் என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. ஒரு வாக்கியம். பரிசு பெற்ற வாசிப்புக் குரலில் அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி எந்தப் பக்கத்தைப் பற்றியதாக இருக்கும் என்பதை நான் அப்போதே ஊகித்திருந்தேன்.

அப்பா என்னைக் காப்பாற்றினார் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இன்று, அவர் அன்றிருந்த வயதைவிட மூப்பானவனாக நின்று பார்க்கையில், அவர் காப்பாற்றியது மைத்துனரையும், குடும்பத்தின் பெயரையும், விருந்தினர் முன் அவர் நிறுத்திவைத்த ஒரு கெட்டிக்காரப் பிள்ளையையும் என்று தோன்றுகிறது. அந்தப் பிள்ளை நான்தானா என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை.

மாத முடிவில் சாரதி போனார். மனைவி தகரப் பெட்டியோடு வாசலுக்கு வெளியே காத்திருந்தாள். அவர் கேற்றடியில் என்னை நிறுத்தி, மடித்த கைக்குட்டையைக் கொடுத்தார். துவைத்து இஸ்திரி போட்டிருந்தார்கள். என் பெயரெழுத்துகளின்மேல் பழுப்புக் கறை மட்டும் போகவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"ஐயா லெட்டரு குடுத்தாரு. சின்னய்யா கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. தொர லெட்டரு மாதிரி இருக்கான்னு பாப்போம்."

அப்பாவின் அழகிய ஆங்கிலம். வாசித்துத் தமிழில் சொன்னேன். இவர் நேர்மையானவர்; மது அருந்தாதவர்; அதிகாலையில் எழுபவர்; சாலையில் நிதானமுள்ளவர். அதற்குப் பின் ஒரு வரி இருந்தது: எஞ்சினின் ஒயிலைக் கவனிக்கும் பொறுப்பை மட்டும் இவரை நம்பி ஒப்படைக்க இயலாது. அதன் கீழே கையெழுத்து.

"அவ்வளவுதானா?" என்றார் சாரதி. "கோடு ஒண்ணு கூட இருக்குற மாதிரி இருக்கே."

"அது அப்பாவின்ரை விலாசம்" என்றேன்.

அவர் திருப்தியோடு கடிதத்தை மெழுகுத் தாளில் சுற்றி, கையிலிருந்த பிஸ்கட் தகரத்தில் துரையின் கடிதத்துக்கு மேலே வைத்தார். "நல்லாப் படிங்க சின்னய்யா" என்று சொல்லிவிட்டு, மனைவியோடு காலி வீதிப் பக்கம் ஏறிப் போனார்.

அந்த ஆண்டின் இறுதியில் நுகேகொடையிலிருந்து அப்பாவின் நண்பரான ஒரு டொக்டர் வீட்டுக்கு வந்திருந்தார். "உம்மடை பழைய டிரைவர் வேலை கேட்டு வந்தவன்" என்றார். "கடிதத்தைத் தானே பெருமையா எடுத்து நீட்டினான். வாசிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்திட்டன். ஒளிக்காமல் எழுதினது நல்ல காரியம், மற்ற ஆக்களும் தப்புவினம்." அப்பா தலையசைத்தார். நான் தேநீர்த் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் எத்தனை வாசல்களில் அதைப் பெருமையாக நீட்டினார் என்பதை அறிய எனக்கு வழியிருக்கவில்லை. தேடவும் இல்லை.

கார் இரண்டு ஆண்டுகளில் விற்கப்பட்டது. காரோடு கொடுக்காமல் நான் எடுத்துக்கொண்ட கைந்நூலில், அந்தத் தாளை ஒட்டிக் கைக்குட்டையை வைத்திருந்தேன். பின்னாளில் ஓர் ஆடி மாதக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் வீடுகள் எரிந்தபோது அவையும் எரிந்தன. அப்பாவும் மாமாவும் அத்தானும் இன்று இல்லை. அக்காவுக்கு நினைவு தவறிவிட்டது. ஆகவேதான் தொடக்கத்தில் என் தகுதியைச் சொன்னேன்.

அப்பாவின் நூற்றாண்டை ஒட்டி எங்கள் குடும்பத்தார் இந்த ஆண்டு வெளியிட்ட நினைவு மலரில், என் மருமகன் முறையான ஒருவர், கலியாண நாளில் ஒயில் ஊற்ற மறந்து குடும்பத்தைத் தலைகுனிய வைத்த சாரதிக்கும் நற்சான்று வழங்கி அனுப்பிய பெருந்தன்மையாளர் என்று அப்பாவைப் போற்றியிருக்கிறார். மலர் வெளியீட்டில் அதை மேடையிலும் வாசித்தார், மண்டபம் கைதட்டியது, முன்வரிசையில் இருந்த நானும் கைதட்டினேன்.

அந்தக் குறிப்பு இரண்டு இடங்களில் பிழையானது. அப்பா வழங்கிய கடிதம் நற்சான்று அல்ல. அதன் கடைசி வரியை உரியவருக்கு வாசித்துக் காட்டாமல் விட்டவன் நான். ஒயிலை யாரும் மறக்கவில்லை. அன்று காலை அது மேல்கோடு வரை இருந்தது.